கிணற்றுக்கு ஐந்து சாட்சிகள்

முப்பத்தாறு வயதில் நான் மரணசாதனம், அதுதான் உயில், எழுதினேன். எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, தலையிடிகூட இல்லை. இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில் நான் வீட்டு வேலை செய்த எசமானி, சின்யோராவின் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. லிப்ட் பழுதான நாள்களில் இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு மூச்சு வாங்காமல் அந்தப் படிகளை ஏறுவேன். ஆனாலும் அந்த மாரி முழுவதும் பலெர்மோவில் இருந்த எங்கள் ஊர்ச் சனம் நான் சாகப் போகிறேன் என்றே நம்பியது. நான் ஏன் அதை எழுதினேன் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது நான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் போகவேண்டிய தீவுகளில் ஒன்று எங்களுடையது. அந்தத் தீவை நினைத்து நான் உருகுவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்புக் காற்று, கல்வேலி, பனை, வள்ளம் வராத நாள்கள், யார் வீட்டில் என்ன கறி என்று மோப்பம் பிடிக்கும் சனம். எங்கே தோண்டினாலும் உவர். ஆங்காங்கே ஒன்றிரண்டு வளவில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். அப்படிக் கிணறு உள்ள வளவுக்காரருக்கு மாதா கோயிலில் முன் வாங்கில் இருக்க இடம் கிடைக்கும், கலியாணத்தில் முதல் பந்தி கிடைக்கும்.

அப்படி ஒரு வளவு என் சீதனம். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை வேறொருத்தியின் சீதன வளவில் போய் இருப்பான். என் சீதன உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், நாலு எல்லையும் போட்டு, வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் என்று மரமும் பயிரும் எல்லாம் என் பெயருக்கு என்று எழுதியிருக்கிறது. வாசித்தால் நான் ஒரு சிற்றரசி என்று தோன்றும். ஆனால் எங்கள் வழமைச் சட்டத்தில் இன்னொரு வசனம் இருக்கிறது. கலியாணம் செய்தவள் தன் காணியை விற்கவோ கொடுக்கவோ புருஷன் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த வசனத்தை எனக்கு ஒருவரும் கலியாணத்துக்கு முதல் சொல்லவில்லை.

கிணற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அது எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். சில ஆட்கள் அதில் வாளி போடக் கூடாது. அவர்கள் கல்வேலிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். எங்கள் வீட்டில் யாராவது அள்ளிக்கொண்டு போய், குடம் முட்டாமல், மேலே இருந்து ஊற்ற வேண்டும். பத்து வயதிலிருந்து அது என் வேலை. நான் விளையாடப் போயிருந்தால் வெயிலில் நிற்பார்கள். ஆடி அசைந்து நான் வந்து சேர்ந்தாலும் ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் அதைப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறேனாம்! என்ன கொழுப்பு எனக்கு.

அங்கே குடத்தோடு வந்து நின்றவர்களில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதிலேயே புருஷனைக் கடலில் இழந்தவர். பத்து வயதுப் பெட்டையான என்னை அவர் 'நாச்சியார்' என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டில் அவரை 'அவள்' என்றுதான் சொன்னோம். இதை வாசிக்கிற என் சொந்தக்காரருக்குக் கோபம் வந்தாலும் நான் இங்கே 'அவர்' என்றுதான் எழுதுவேன்.

கலியாணமாகி எண்பதுகளின் முடிவில் நான் பலெர்மோவுக்கு வந்தேன். என் புருஷன் முதலே வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடியில், இரண்டு அறை. பிறகு சண்டை தீவுக்கும் வந்தது. அகப்பட்ட வள்ளத்தில் எல்லாரும் ஏறினார்கள். ஜெர்மனியில் இருந்த தம்பியிடம் போய்ச் சேர்ந்த அம்மா, அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தா.

"வீட்டுத் திறப்புக் கொத்தை அவளிட்டைக் குடுத்திட்டு வந்தனான்," என்றா. வேலிக்கு வெளியே குடத்தோடு நிற்பாரே, அவரின் கொட்டில் காற்றுக்கு விழுந்துவிட்டதாம், அவர் எங்கேயும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். "எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். வீட்டுக்கை படுக்கலாம், விளக்கு வைக்கலாம். கிணத்திலை மட்டும் வாளி போடப்படாது எண்டனான்."

"அப்ப ஆர் அம்மா அள்ளி ஊத்துறது?"

"ஆரும் வருவினம்," என்றா அம்மா.

ஒருவரும் வரவில்லை. வர ஒருவரும் மிச்சம் இருக்கவில்லை. ஊரே வெறிச்சோடிப் போன இடத்தில், தான் படுக்கிற வீட்டின் கொல்லையில் நல்ல தண்ணீர் கிடக்க, அவர் ஒரு வருடத்துக்கு மேல் தூரத்துப் பொதுக்கிணற்றுக்கு நடந்து உவர்த் தண்ணீர் சுமந்தார். சொல்லுக் கொடுத்துவிட்டாராம். எங்கள் சனத்தைப் போல முட்டாள் சனத்தை நான் இந்த உலகத்தில் எங்கேயும் கண்டதில்லை, அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் எனக்கு அவருடைய முதல் கடிதத்தில்தான் தெரியவந்தது. கொப்பியிலிருந்து கிழித்த தாள். மேலே என்னை எப்படி அழைப்பதென்று தெரியாமல் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

"வளவிலை எல்லாம் சுகம். வேலி ரண்டு இடத்திலை சரிஞ்சது, அடுக்கிப்போட்டன். தண்ணி பொதுக்கிணத்திலைதான் அள்ளினனான், ஒரு வருசத்துக்கு மேலை. போன மாசம் எங்கடை கிணத்துக்கை ஆடு விழுந்திட்டுது. எடுக்கக் கயிறு போட்டன். பிறகு கிணத்தை முழுக்க இறைச்சன். வாளி போட்டுத்தான் இறைச்சன், வேறை வழியில்லை. தண்ணி ஊறி வந்த உடனை குடிச்சுப் பாத்தன். குற்றமெண்டால் எழுதுங்கோ."

அந்தக் கடிதத்தை நான் பல்லரோவில் தெருக்குழாயடியில் நின்றுதான் வாசித்தேன். அந்த வருடங்களில் பலெர்மோவில் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் வரும். சில கிழமை அதுவும் வராது. பணக்காரர் மொட்டைமாடியில் பெரிய தண்ணீர்த் தாங்கி வைத்திருந்தார்கள். நாங்கள் பிளாஸ்டிக் கலன்களோடு தெருவில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தீவில் கல்வேலிக்கு வெளியே நின்ற குடும்பத்துப் பிள்ளை. எனக்குப் பின்னால் ஒரு மொறிசியஸ்காரி, அவளுக்குப் பின்னால் இறைச்சிக் கடைக்காரனின் மனைவி. குழாயை முன்னால் நின்றவர் பிடித்து நிரப்பினார், பிறகு அதே குழாயை நான் பிடித்து நிரப்பினேன். அந்த வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் அதனால் வயிற்றுக்குத்து வரவில்லை.

நான் பதில் எழுதினேன். "குற்றமில்லை. வாளி போடுங்கோ. எப்பவும் போடுங்கோ." இந்த மூன்று வசனத்தை எழுத எனக்கு இரண்டு கிழமை பிடித்தது, அந்த வெட்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். எல்லாம் வளவுக் கதை. பனை எத்தனை விழுந்தது, ஓடு எங்கே பறந்தது, கிணறு எப்போது இறைத்தது. காசு கேட்டதில்லை, சுகம் கேட்டதுமில்லை. நான் என் பங்குக்கு எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் வராத நாள்களைப் பற்றி எழுதுவேன். அதற்கு அவர் ஒருமுறை, "அவ்வளவு பெரிய ஊரிலை ஒருத்தரும் கிணறு வெட்டேல்லையோ?" என்று கேட்டிருந்தார்.

இப்படி இருக்கையில் என் புருஷனின் அக்கா கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தா. அவவின் மகளுக்கு ஜெர்மனி மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. அன்று பின்னேரம் என் புருஷன் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து என் முன்னால் இருந்தார்.

"மாப்பிள்ளை பகுதியும் எங்கடை தீவு ஆக்கள்தான். சீதனத்திலை நல்லதண்ணிக் கிணறு உள்ள வளவு கேக்கினம். அக்கான்ரை காணி முழுக்க உவர். உம்மடை காணியை எழுதிக் குடுப்பம்."

"ஜெர்மனிக்குக் கிணத்தைத் தூக்கிக்கொண்டு போகப் போகினமோ?"

"விசர்க்கதை கதையாதையும். உறுதியிலை இருக்கவேணும். அதொரு மரியாதை."

"மாப்பிள்ளை எப்ப கடைசியா அந்தத் தீவுக்குப் போனவர்?"

"அஞ்சு வயசிலை வெளிக்கிட்டவராம்."

"அப்ப அங்கை இருக்கிறவ?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுப்பத்தான் வேணும். அவள் புழங்கின கிணறு. இறைச்சுப்போட்டுப் பங்குச் சுவாமியைக் கொண்டு மந்திரிச்சாச் சரி எண்டு அவையளே சொல்லுகினம்."

வைக்கோல் பட்டறை நாயைப் பற்றிச் சொல்வார்கள், தானும் தின்னாது, தின்கிற மாட்டையும் விடாது என்று. இந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அது பொருந்தும். கிணற்றை ஒரு நாளும் பார்க்கப் போகாதவர்கள், அதைக் காப்பாற்றி வைத்திருப்பவரை எழுப்பிவிட்டு, அவர் தொட்ட தீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்கப் போகிறார்கள். அன்றைக்கு முழுவதும் நான் சின்யோரா வீட்டுக் கக்கூஸ் மூன்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தேன். என் புருஷன் ஆசுப்பத்திரி நிலத்தில் யார் யாருடையதோ கழுவிவிட்டு வந்திருந்தார். எங்களை எந்தத் தீர்த்தத்தால் கழுவுவது என்று கேட்டேன்.

அவர் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார். "எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை. உமக்கு என்னத்துக்குக் காணி?"

கொடுமைக்காக அவர் அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவருக்கும் அது வலிதான். ஆனாலும் எனக்கு நெஞ்சு வெந்தது. பிள்ளை இல்லாதவளுக்கு விருப்பமும் இருக்கக் கூடாது என்கிற மாதிரி இருந்தது. "என்ரை காணியை நான் அவவுக்குத்தான் எழுதப் போறன்," என்றேன். அந்த நிமிடம்வரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் எண்ணம் என்று விளங்கியது.

அவர் சிரித்தார். "என்ரை கையெழுத்து இல்லாமல் எப்பிடி எழுதுவீர்?"

குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நாள்கணக்கில் நின்ற மனிதர். அங்கே அவருடைய கையெழுத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இத்தாலிக்கு வந்த பிறகு அந்தக் கையெழுத்துக்கு ஒரு பெறுமதி வந்தது அன்றைக்குத்தான், அதை அவர் லேசில் விடுவாரா? நான் தரமாட்டேன் என்று நின்றால் அவர்களால் எழுத முடியாது, அது சரி. ஆனால் நான் செத்தால் காணி தம்பிக்குப் போகும். காணி தன் கைக்கு வந்தால் அந்தக் கலியாணத்துக்குத் தருவதாகத் தம்பி ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டான். உயிரோடு கொடுக்கவும் முடியாது, செத்தால் காக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமைப் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. அன்று நான் கால்சாப் பகுதிக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கதவில் எங்கள் ஆள் ஒருவர் கோப்பை கழுவினார். பலெர்மோவில் அவரைக் கோப்பை கழுவுகிறவராகத்தான் தெரியும், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம், அதாவது காணிப் பத்திரம் முடிக்கிற சட்டத்தரணியிடம், இருபது வருடம் உறுதி எழுதிய மனிதர் அவர். கடுகடுப்பான ஆள். கை ஈரத்தோடு வாசற்படியில் இருந்துகொண்டு நான் சொன்னதைக் கேட்டார்.

"தங்கச்சி, உயிரோடை குடுக்கத்தான் புருஷன்ரை சம்மதம் வேணும். செத்துக் குடுக்க ஒருத்தன்ரை சம்மதமும் வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை.

"மரணசாதனம் எழுதும். அதுக்குத் தடையில்லை, தம்பியும் ஒண்டும் செய்யேலாது. இஞ்சை எங்கடை நொத்தாரிசு இல்லை, அப்ப அஞ்சு சாட்சி வேணும். அஞ்சு பேரும் ஒரே நேரம் ஒரே இடத்திலை நிக்கவேணும். நீர் கையெழுத்து வைக்கிறதை அவை பாக்கவேணும், அவை வைக்கிறதை நீர் பாக்கவேணும். வாசிச்சு விளங்கவேணும் எண்டில்லை."

பிறகு யாருக்கு எழுதுவது என்று பெயர் கேட்டார். சொன்னேன். அப்பன் பெயர் கேட்டார். அதையும் சொன்னதும் பேனை நின்றது. எங்கள் நாட்டில் ஒரு மனிதரின் பெயரையும் அப்பன் பெயரையும் கேட்டால் அவருக்கு எந்தக் கிணற்றில் இடம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இவரும் எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கையைத் துடைத்துவிட்டு வந்தார்.

"எத்தினையோ ஆயிரம் எழுதியிருப்பன். இப்பிடி ஒண்டு எழுதேல்லை," என்றார். "கிணத்துக்குத் தனியா ஒரு வசனம் போடுவம். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் வந்து காணிதான் உனக்கு, கிணறில்லை எண்டு சொல்லுவான்."

இனிச் சாட்சி. நான் செய்த பிழை, முதலில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டதுதான். மரணசாதனம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண் கலங்கியது. "ஏனக்கா? டொக்டர் என்னவாம்?" ஒன்றுமில்லை என்று நான் சிரித்தேன். நான் சிரித்ததே அவளுக்கு அத்தாட்சியாகிவிட்டது. ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முதல் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா?

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு ரசம் வந்தது, கோழிச் சூப் வந்தது, கம்பளிப் போர்வை ஒன்று வந்தது. இரண்டு பெண்கள் எனக்காக, ஊருக்கு மேலே மலையிலுள்ள புனிதையின் கோயிலுக்குச் செருப்பில்லாமல் ஏறி மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்கள். என் புருஷனைத் தெருவில் நிறுத்தி, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உமக்கு உண்மையா ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவர் மேலிருந்த கோபத்தில் கால்வாசி போனது. ரசம் நல்ல ரசம். நான் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் எல்லாரும் நிற்கும்போது நான் சொன்னேன். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்ரை காணியையும் கிணத்தையும் அங்கை இருக்கிறவவுக்கு எழுதப் போறன். அதுக்குத்தான் சாட்சி கேட்டனான். ஆர் வாறியள்?"

ஒவ்வொருவராக நழுவப் பார்த்தார்கள். ஒரு மூத்த பெண் மட்டும், "செத்தாலும் பரவாயில்லை, உப்பிடிச் செய்யப்படாது பிள்ளை," என்றா. கொஞ்சம் தள்ளி, குழாயடியில் எனக்கு முன்னால் நின்றவர் நின்றிருந்தார். கிட்ட வந்தால் அவருக்குத்தான் வில்லங்கம், அதனால் நான் அவரைக் கேட்கவில்லை. சாகப் போகிறவளுக்கு ரசம் தந்தவர்கள், கிணறு கொடுக்கப் போகிறவளுக்குப் பிறகு வணக்கமும் சொல்லவில்லை. அடுத்த கிழமைகளில் நான் இருக்கும் வாங்கில் என் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. நான் கையைக் காலை நீட்டி வசதியாக இருந்து பூசை கண்டேன். போர்வையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் இல்லாவிட்டால் போகட்டும், பலெர்மோ பெரிய ஊர். கோப்பை கழுவுகிறவர் ஒன்று. சின்யோரா வீட்டுக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வேலை செய்த மொறிசியஸ்காரி இரண்டு. அவளுடைய பாட்டன் பூட்டன் தமிழர். அவளுக்குத் தமிழில் முருகன் பெயரும் சில பலகாரப் பெயரும் மட்டும்தான் வரும், நாங்கள் இத்தாலியனில் கதைப்போம். கட்டட வாசல்காரர் மூன்று. சின்யோரா நாலு. ஐந்தாவதுக்கு, கீழே மூன்று சில்லு வண்டியில் மரக்கறி விற்கிற கிழவரைப் பிடித்தேன். தன் வண்டியை யார் பார்ப்பது என்று முதலில் முணுமுணுத்தார். விஷயம் கிணறு என்றதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் ஏறினார்.

சின்யோராவின் சாப்பாட்டு மேசை. தினமும் நான் மினுக்குகிற மேசை. அன்றைக்கு நான் அதன் தலைமாட்டில் இருந்தேன், சின்யோரா காப்பி போட்டுக் கொண்டுவந்தா. படு மோசமான காப்பி. "இவ்வளவும் ஒரு கிணற்றுக்கா?" என்று அவ கேட்டா. மொட்டைமாடியில் தாங்கி வைத்திருக்கிறவ கேட்கத்தான் செய்வா. மரக்கறிக் கிழவர் எனக்கு முந்திக்கொண்டு, "சின்யோரா, கிணறென்றால் சும்மாவா?" என்றார். தன் தகப்பனும் சித்தப்பனும் ஒரு கிணற்றுக்காக முப்பது வருடம் முகம் பாராமல் இருந்ததாக ஒரு கதை சொன்னார்.

நான் பேனையைத் திறக்கும்போது வாசல் மணி அடித்தது. என் புருஷன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆசுப்பத்திரி வெள்ளைக் காற்சட்டையோடு, படியேறி மூச்சு வாங்கியபடி நின்றார்.

"நிப்பாட்டும்," என்றார் தமிழில்.

நான் தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். "முதல் வாசியுங்கோ. சத்தமா வாசியுங்கோ. பிறகு ஏமாத்திப்போட்டாள் எண்டு சொல்லப்படாது."

சின்யோராவுக்கு முன்னால் சத்தம் போட அவருக்கு வராது. வாசித்தார். சுகதேகியாகவும் தெளிந்த புத்தியோடும் இருக்கிற நான் என்று தொடங்கி, நாலு எல்லையும், வீடும், வான்பயிர் செய்பயிரும். ஒரு சொல் விளங்காத நாலு பேர் கோயிலில் நிற்பதுபோல் அமைதியாக நின்று கேட்டார்கள். கடைசிப் பகுதியில் அவர் குரல் தட்டியது. "மேற்படி கிணற்றையும், அதில் தன் கையால் வாளியிட்டு அள்ளவும், பிறர் அள்ள இடங்கொடுக்கவும் மறுக்கவுமான முழு உரித்தையும்..." என்று வாசித்து நிறுத்தினார்.

"இதை ஆர் எழுதச் சொன்னது?"

"நான்தான்."

"அக்கா இனி என்னோடை கதைக்க மாட்டா."

"அவ கொழும்பிலை இருந்து கதைக்காமல் விடுவா. நான் வீட்டுக்குள்ளை இருந்து கதைக்காமல் விடுவன். எது லேசெண்டு பாருங்கோ."

அவர் தாளை மேசையில் வைத்தார். போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவோரம் இருந்த கதிரையில் இருந்தார். சின்யோராக்களின் வீட்டில் அவர் ஒரு நாளும் அமர்ந்து நான் பார்த்ததில்லை. நான் கையெழுத்து வைத்தேன். ஐந்து பேரும் ஒவ்வொருவராக வைத்தார்கள். மரக்கறிக் கிழவர் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, எல்லாரையும்விட அழகாக எழுதினார். திரும்பும்போது பஸ்ஸில் என் புருஷன் எனக்கு இருக்க இடம் பிடித்துத் தந்தார். வீட்டுக்குப் போய், "சோறு போடும்," என்றார். போட்டேன்.

அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. வேறு எங்கேயோ ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றை வாங்கி எழுதினார்களாம். அந்தப் பிள்ளை ஜெர்மனியில் சந்தோஷமாக இருக்கிறாள், அந்தக் கிணறு தூர்ந்து போயிருக்கும். தம்பி எனக்கு நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வாழ்த்து மடல் போடுவதை நிறுத்தினான். தீவுக்கு நான் ஒரு பிரதியை அனுப்பினேன், பத்திரமாக வைக்கச் சொல்லி. நாலு மாதமாகப் பதில் இல்லை. கிடைக்கவில்லையோ, கிடைத்து யாராவது பறித்துவிட்டார்களோ என்று தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐந்தாம் மாதம் அதே கொப்பித் தாள் வந்தது.

"தங்கச்சிக்கு. கடுதாசி கிடைச்சுது. உறுதிப் பாசை விளங்கேல்லை, வாத்தியார் வாசிச்சுச் சொன்னவர். நீங்கள் செத்தாப் பிறகுதான் எனக்கு எண்டு கிடக்காம். அதுக்காக அவசரப்பட்டுச் சாக வேண்டாம், நான் இஞ்சைதான் இருக்கிறன். கிணத்துக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறன். எப்பவாவது வந்தால் நீங்களே வாளி போட்டு அள்ளிக் குடிக்கலாம். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

வாசித்தவுடன் எனக்கு முகம் சுட்டது. நான் பிறந்து வளர்ந்த வளவு, என் பெயரில் உறுதி இருக்கிற கிணறு, அதில் அள்ள எனக்கு அவர் இடம் கொடுக்கிறாரா என்று கோபம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். வேலிக்கு வெளியே குடத்தோடு நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நான் விளையாடி முடித்து வரும்வரை வெயிலில் நின்றவர்கள்.

கடிதத்தைப் புருஷனிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "என்ன எழுதப் போறீர்?" என்று கேட்டார்.

அன்றைக்குத் தண்ணீர் வராத நாள். கலன்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகும் முன் ஒரு வசனம் எழுதிக் கடித உறையை ஒட்டினேன்.

"வந்தால், உங்களிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் அள்ளுவன்."